பூட்டோடு வந்த எழுத்து

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு தையல் கடைகளுக்கு நடுவே இருந்த ஓர் அறையில் நான் ஐந்து வருஷம் டி.டி.பி. சென்டர் நடத்தினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், டியூசன் சென்டர்களின் கேள்வித்தாள், மில் யூனியன் துண்டறிக்கை, சர்ச்சுக்குப் பாட்டுத்தாள் என்று வருவதையெல்லாம் கம்ப்யூட்டரில் தமிழில் அடித்து, பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். அச்சாபீஸ்காரர்கள் அதை வைத்துப் பிளேட் போட்டுக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் என் வீட்டுக்காரர் மில்லில் போட்ட லோனில் வந்தது. தமிழ் எழுத்துக்கான சாப்ட்வேர் என் வளையல்களை விற்றதில் வந்தது. அதை வாங்க நாங்கள் இருவரும் மதுரைக்குப் போனோம். ஒரு மாடிக்கடை. அங்கிருந்த ஏஜெண்டுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா, மெதுவான பேச்சு. ஓர் அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புத்தகம், மூன்று பிளாப்பிகள் இருந்த ஒட்டிய உறை, தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பொருள். அதன் இரண்டு பக்கமும் சொருகுவதற்கு முனைகள் இருந்தன.

"இதுதாம்மா பூட்டு. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டர் ஒயருக்கும் நடுவுல சொருகணும். இது இருந்தாத்தான் சாப்ட்வேர் ஓடும். பிளாப்பியை மட்டும் காப்பி எடுத்து யாரும் ஓட்டிரக்கூடாதுல்ல, அதுக்கு."

"தொலைஞ்சு போச்சுன்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தொலைக்காதீங்க சார்," என்று ஏஜெண்ட் சிரித்தார்.

பிளாப்பி உறையின் மேல் பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம் அச்சடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அந்த எழுத்தின் குறுக்கேதான் கிழித்தேன். கிழிக்காமல் பிளாப்பியை எடுக்க முடியாது. படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பில்லை மட்டும் பத்திரமாக மடித்து பீரோவில் வைத்தேன். ஊரில் வேறு இரண்டு சென்டர்கள் இருந்தன. இரண்டிலும் இதே சாப்ட்வேரைப் பூட்டு உடைத்த காப்பியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கியவள் நான் ஒருத்தி. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. வருகிறவர்களிடம் கேட்காமலே சொல்லுவேன், "நம்மகிட்ட ஒரிஜினல்" என்று.

இரண்டாவது வருஷம் புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தெட்டு தாண்டி ரிட்டயர் ஆனவர். பிரசவ வார்டிலேயே காலம் முழுக்க வேலை பார்த்த நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவரை இழந்த தங்கையோடு இருந்தார். ஊரில் அவரை நர்சம்மா என்பார்கள். நான் சிஸ்டர் என்று கூப்பிட்டேன். ரெக்ஸின் பையிலிருந்து நான்கு நீள நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"புக்கு போடணும். அடிச்சுத் தருவியா?"

"என்ன புக்கு சிஸ்டர்?"

"செத்துப்போனவிய புக்கு," என்றார்.

அவரே சொன்னார். பல ஊர்களில் வேலை பார்த்தபோது, பிரசவத்தில் தன் கண்முன்னே இறந்த பெண்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்தார். ஒரு பெண்ணுக்கு ஓர் அத்தியாயம். பெயர் கிடையாது. ஊர், எத்தனையாவது பிரசவம், எப்போது வலி எடுத்தது, யார் கூட்டி வந்தார்கள், எதில் வந்தார்கள், என்ன செய்தார்கள், என்ன செய்திருந்தால் பிழைத்திருப்பாள்.

"புதுசா கிராமத்து நர்ஸ் வேலைக்கு வார பிள்ளைகளுக்குக் குடுக்கணும். அதுக படிக்கிற புக்குல வைத்தியம் எல்லாம் இருக்கு. ஒரு உயிரு எப்படிப் போகும்னு அதுல இல்ல."

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி பஸ்ஸில் வந்துவிடுவார். என் பக்கத்தில் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வாசிப்பார். ஆனால் நோட்டில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. நோட்டில் 'தாமதமாக அழைத்து வரப்பட்டார்' என்று இருக்கும். "நாள் சரியில்லைன்னு ஒரு பகல் பூராவும் வீட்டுலயே உக்கார வச்சிட்டாவ. மாட்டு வண்டி பூட்டும்போதே அந்தப் பிள்ளைக்கு உதடு வெளுத்துப்போச்சு," என்று சொல்வார்.

"எதை அடிக்க சிஸ்டர்?"

"சொன்னதை அடி. நோட்டு ஆபீசுக்கு எழுதின மாதிரி இருக்கு."

அப்படித்தான் அந்தப் புத்தகம் உருவானது. ரயில் கேட் மூடியிருந்ததால் வண்டிக்குள்ளேயே இறந்த பெண். மயக்கம் தெளிந்து, குடிக்கக் கலர் சோடா வேண்டும் என்று கேட்ட பெண். புருஷன் ஓடிப்போய் கலர் பாட்டிலோடு வந்தபோது அவள் இல்லை. அவன் அதைத் திறக்காமலே கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனானாம். இதையெல்லாம் அடிக்கும்போது என் விரல் தானாக நின்றுவிடும். அவர் அவசரப்படுத்த மாட்டார். செத்த நேரம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பொறவு அடுத்த வரி சொல்லுவார்.

நான் மம்சாபுரத்துக்காரி. எனக்கு ஒன்பது வயதில் என் அம்மா பிரசவத்தில் இறந்தாள். இதை நான் அவரிடம் உடனே சொல்லவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் அம்மாவைத் தேடிக்கொண்டே அடித்தேன். ஊர்ப்பெயர் வரும் இடத்தில் அவர் வாயையே பார்ப்பேன். ஐந்தாறு அத்தியாயம் போன பிறகு ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சிஸ்டர், மம்சாபுரத்துப் பொம்பளை யாராவது வருவாங்களா இதுல?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னேன்.

"நான் அப்ப தளவாய்புரத்துப் பக்கம் இருந்தேன். உங்கம்மா இதுல இல்ல."

எனக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை. அழுதேன். அவர் எனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் கேட்டார். ரத்தம் நிற்கவே இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதைச் சொன்னேன். வயிற்றை அழுத்திப் பிடித்திருக்கலாம், ஊசி ஒன்று இருக்கிறது, அது கைவசம் இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா ஏன் இறந்தாள் என்று அதுவரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி இருந்தது. அதை அவர் தள்ளிக்கொண்டே வந்தார்.

"அது நோட்டுல இல்ல. அதுல தப்பு என்மேல. கடைசியில சொல்லுதேன்," என்றார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் அன்று கால் வீக்கம் என்று வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, பெருமழை பிடித்தது. பிரிண்ட் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. அறையெல்லாம் வெளிச்சமாகி கரண்ட் போனது. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் தமிழ் சாப்ட்வேரைத் திறந்தால் பூட்டைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். பூட்டு அங்கேதான் இருந்தது. கழற்றினால் ஒரு பக்கம் உருகி, நம்பர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கருகிக் கிடந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவருக்குச் சொல்லியனுப்பினேன். உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பூட்டை மோந்து பார்த்து, "போயிந்தி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "செத்துப்போச்சு மேடம். ஆனா கவலைப்படாதீங்க. பூட்டு இல்லாத காப்பி எங்கிட்ட இருக்கு. ரெண்டு பிளாப்பி. அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தாரேன். உங்க பைல் எல்லாம் அப்படியே தொறக்கும்," என்றார்.

"வேண்டாம். நான் வாங்கினவ. கேட்டா மாத்திக் குடுப்பாங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். "எப்ப வேணும்னாலும் சொல்லுங்க."

மறுநாள் பில்லையும், கருகிய பூட்டையும், நம்பர் எழுதிய பதிவு கார்டையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். ஏஜெண்டுக்கு என்னை ஞாபகம் இருந்தது. பூட்டைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கார்டையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கார்டு சரிதாம்மா. நம்பரும் பதிவுல இருக்கு. ஆனா இதுதான் அந்தப் பூட்டுன்னு எப்படிச் சொல்றது? ஸ்டிக்கர் கருகிப்போச்சு. உள்ள இருக்கிற நம்பரும் படிக்க வரல. நல்ல பூட்டை வீட்டுல வச்சிக்கிட்டு, எங்கயோ கிடந்த கருகினதைக் கொண்டுவந்து மாத்திக் கேக்கிறவங்களும் இருக்காங்க."

"நான் அப்படிச் செய்வேனா சார்?"

"உங்களைச் சொல்லலம்மா. கம்பெனி அப்படித்தான் பாக்கும். அவங்க கணக்குல இது தொலைஞ்ச பூட்டு. தொலைஞ்சா புதுசா வாங்கணும்."

"பூட்டை மட்டுமா?"

"முழுசா. முதல்ல வாங்கின மாதிரி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "காசு குடுத்து வாங்கினது சார். என் பொருள். அதை எதுக்கு ரெண்டாவது தடவை வாங்கணும்?"

அவர் அலமாரியிலிருந்து பிரிக்காத உறை ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் கிழித்து எறிந்த அதே பொடி எழுத்து. விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சாப்ட்வேர் கம்பெனிக்குச் சொந்தம். வாங்குகிறவருக்கு அதைப் பயன்படுத்த அனுமதி மட்டும் தரப்படுகிறது. மற்றவருக்கு விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. பூட்டு இல்லாவிட்டால் அனுமதியும் இல்லை. உறையைக் கிழித்தால் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

"அப்ப பில்லுல விற்பனைன்னு ஏன் போட்டீங்க?"

அவர் பில்லை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "பில் புக்கு அப்படித்தாம்மா அச்சடிச்சிருக்கு," என்றார்.

"சரி, சாப்ட்வேர் அவங்களோடதாவே இருக்கட்டும். அதுல ஒரு அம்மா சொல்லச் சொல்ல அடிச்சு வச்சிருக்கேனே, அது? அந்தப் புக்கும் கம்பெனியோடதா?"

"அது எப்படி? அது உங்களோடதுதான். யாரு இல்லேங்கிறா?"

"தொறக்க முடியலையே சார்."

டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்தேன். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, மெட்ராஸ் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடச் சொல்லி, விலாசம் எழுதிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என்னைத் திருடியாகவும் இருக்கலாம் என்று நினைத்து ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் வரை வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணி பஸ்ஸில் சிஸ்டர் வந்தார். நோட்டு எதுவும் கொண்டுவரவில்லை. கையில் ஒரு கர்ச்சீப் மட்டும். வழக்கமாக வந்ததும் தண்ணீர் கேட்பார், அன்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு அந்தக் கடைசியைச் சொல்லிருதேன். ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்," என்றார்.

நான் பூட்டு கருகிய கதையைச் சொன்னேன். மதுரையில் நடந்ததைச் சொன்னேன். அந்த ஏஜெண்ட் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இன்னைக்கு அடிக்க முடியாதா?"

"சிஸ்டம் சரியாகட்டும் சிஸ்டர். பொறவு சொல்லுங்க. ஒரே மூச்சில அடிச்சிரலாம்."

அவர் கொஞ்ச நேரம் கர்ச்சீப்பை மடித்தார், பிரித்தார். "சரி," என்று எழுந்து போனார்.

மேஜைமேல் ஒரு குயர் வெள்ளைத்தாள் இருந்தது. பேனா இருந்தது. ஒரு பெண் முப்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வதற்கென்று பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் பேனாவை எடுக்கவில்லை. இதில் கம்பெனிக்கும் ஏஜெண்டுக்கும் எந்தப் பங்கும் இல்லை. எனக்கு அப்போது என் நியாயம் மட்டுந்தான் கண்ணில் நின்றது.

மெட்ராசுக்குக் கடிதம் எழுதினேன். என் வீட்டுக்காரர் அதை ஆங்கிலத்தில் அடிக்க மில் ஆபீஸில் ஆள் பிடித்தார். பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்ததற்கு அட்டையும் வந்தது. பதில் வரவில்லை. வேலைகளையெல்லாம் மற்ற சென்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ரிப்பேர்காரர் வாரம் ஒருதடவை எட்டிப் பார்ப்பார். "இன்னும் லெட்டர் வரலையா மேடம்?" என்பார், சிரிக்காமல்.

ஒருநாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீ வாங்கினதைத்தானே நீ போட்டுக்கிடப் போற. ரெண்டாவது ஆளுக்கா குடுக்கப் போற? அந்தாளு பிளாப்பியை வாங்கிப் போடு."

"அப்படிப் போட்டா அந்த ஏஜெண்ட் நினைச்சது நெசமாயிரும்ல. அவருக்கு நான் கள்ளி ஆயிருவேன்ல."

"அவரு வந்து பாக்கப் போறாரா?"

"நான் பாப்பேன்ல."

நான் சரியாகத்தான் பேசினேன் என்று அன்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த வாதத்தில் எங்கே பிழை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிழை அதில் இல்லை, வேறிடத்தில் இருந்தது.

சிஸ்டர் நடுவில் இரண்டு தடவை வந்தார். மார்க்கெட்டுக்கு வந்ததாகச் சொன்னார். "தொறந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. "லெட்டர் வந்துரும் சிஸ்டர்." இரண்டாவது தடவை வாசலிலேயே நின்றபடி கேட்டார், "ஏட்டி, சாவி அவன் கையில இருக்குன்னா, அவன் தரலேன்னா, நாம வெளிய நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

"சட்டப்படி அப்படித்தான் சிஸ்டர் எழுதியிருக்காம்."

"பிள்ளைத்தாச்சி வாசல்ல கிடக்கும்போது மருந்து ரூம் சாவி யாருகிட்ட இருக்குன்னு நான் தேடியிருக்கேன்," என்றார். "ஒருநாள் தேடிக்கிட்டே இருந்துட்டேன். ஒடைக்கணும்னு தோணல."

அதுதான் அந்தக் கடைசி அத்தியாயத்தின் தொடக்கமாக இருந்திருக்க வேண்டும். அவர் அவ்வளவுதான் சொன்னார். பஸ் வரும் என்று போய்விட்டார். அன்று அதை நான் ஓர் உதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் அவருடைய தங்கை எனக்கு போன் செய்தார், பக்கத்து மருந்துக்கடை நம்பருக்கு. அக்கா காலையில் கிணற்றடியில் விழுந்துவிட்டதாகவும், வலது கை கால் வரவில்லை என்றும், பேச்சும் போய்விட்டது என்றும் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு நான் அறைக்கு வரவில்லை. நேராக ரிப்பேர்காரர் கடைக்குப் போனேன்.

"அந்த பிளாப்பி?"

அவர் மேஜையிலிருந்து இரண்டு பிளாப்பிகளை எடுத்துக்கொண்டார். கூடவே வந்தார். சொன்ன மாதிரி ஐந்து நிமிஷம். எழுத்து திரையில் வந்தது. நான் கடைசியாக அடித்து நிறுத்திய வரி, அதன் முடிவில் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. ரயில் கேட், மாட்டு வண்டி, கலர் பாட்டில் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு மாதமாக அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன. "அழாதீங்க மேடம், எல்லாம் வந்துருச்சுல்ல," என்றார் அவர். எல்லாம் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான்கு நாள் கழித்து மெட்ராசிலிருந்து பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலம். வருந்துகிறோம் என்று தொடங்கி, உறையில் இருந்ததையே திரும்பச் சொல்லியிருந்தார்கள். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரு வண்ணத்தாளும் உள்ளே இருந்தது.

பிரிண்ட் எடுத்த தாள்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சிஸ்டர் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் கண் பழைய கண்தான். தாள்களை ஒவ்வொன்றாக அவர் முன்னால் பிடித்தேன். இடது கை விரலை வரிகளின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது, தட்டினார். 'வெளுத்து' என்பது 'வெளுந்து' என்று இருந்தது. பென்சிலால் திருத்தினேன். அப்படியே ஐந்தாறு நாள் போய் முழுப் புத்தகத்தையும் சரிபார்த்தோம்.

கடைசி நாள் கேட்டேன். "சிஸ்டர், அந்த ஒண்ணு சொல்லலையே. அது இல்லாமலே முடிச்சிரவா?"

தலையை ஆட்டினார். அப்படி முடிக்க வேண்டாம் என்று. பென்சிலைக் காட்டினார். இடது கையில் கொடுத்தேன். தங்கை ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டார். கோணல்மாணலாக ஒரே ஒரு சொல்லை எழுத அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஓர் ஊரின் பெயர். அதற்குக் கீழே எழுத முயன்று, முடியாமல் பென்சிலை விட்டுவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கப் போன தங்கையின் கையை விலக்கினார்.

"இதை மட்டும் போடட்டுமா? கீழே காலியா விட்டு?"

ஆம் என்று தலையசைத்தார்.

எழுதி வைக்காததற்கு அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சரியாக வார்த்தை வரவில்லை. பேனா இருந்தது சிஸ்டர், தாள் இருந்தது என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி பார்க்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டிருந்தார். அது மன்னிப்பா, பழக்கமா என்று எனக்குத் தெரியாது.

தை மாதம் புத்தகம் வந்தது. சர்ச்சிலும் சொந்தக்காரர்களிடமும் தங்கை திரட்டிய பணத்தில் சின்ன அளவில் அச்சடித்தோம். முதல் புத்தகக் கட்டை நானே கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். சிஸ்டர் ஒரு புத்தகத்தை நெஞ்சின்மேல் வைத்து, அன்று பூராவும் எடுக்கவே இல்லை என்று தங்கை சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் என் அறை வாசலில் அந்த மதுரை ஏஜெண்ட் நின்றார். புதிய பதிப்பை ஊர் ஊராக விற்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கினார். உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் பார்வை, பழக்கத்தால், நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போனது. பிரிண்டர் ஒயர் நேரே சொருகியிருந்தது. நடுவில் பூட்டு இல்லை. திரையில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு கூசியது. ஆனால் எழுந்து மறைக்கவில்லை.

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மேஜைமேல் கிடந்த சிஸ்டரின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். ஓர் அத்தியாயம் முழுக்க வாசித்தார். கடைசிக்குப் போய், ஊர்ப்பெயர் மட்டும் இருந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார்.

"இதுதானாம்மா அன்னைக்கு நீங்க சொன்ன புக்கு?"

"ஆமா சார்."

"இந்தப் பக்கத்துல அச்சு விட்டுப்போச்சே."

"விட்டுப்போகல சார். நான் எழுதிக்கிடல."

நடந்ததைச் சொன்னேன். மதுரையிலிருந்து வந்த மறுநாள் சிஸ்டர் வந்ததையும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்பர் தெரியலேன்னாலும் கம்பெனிக்கு எழுதி அனுப்பியிருக்கலாம் நான். எனக்குத் தெரிஞ்சவங்கதான், நம்பலாம்னு ஒரு வரி. அது எனக்கும் தோணல," என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க சார்," என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேனா, மனதாரச் சொன்னேனா, இப்போது ஞாபகம் இல்லை.

அவர் மகள் முழுகாமல் இருப்பதாகச் சொல்லி ஒரு புத்தகம் கேட்டார். கொடுத்தேன். புதிய பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனார்.

வைகாசியில் சிஸ்டர் இறந்துபோனார். செய்தி தாமதமாக வந்ததால் அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. எட்டாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். வீட்டுக்குள் இடமில்லாமல் பெண்கள் தெருவரைக்கும் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையில் பிறந்த பிள்ளைகள் பலர் வளர்ந்த ஆட்களாக நின்றிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் தங்கை புத்தகத்தை எடுத்து, நடுவில் நின்று ஓர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தார். கலர் கேட்ட பெண்ணின் கதை. வாசல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் தலையைக் குனிந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அந்தப் பெண்ணுக்கு உறவா, வேறு யாரோ ஒருத்தியை நினைத்துக்கொண்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

நான் கடைசிக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் தங்கை வாசித்து முடிக்கும்வரை, செருப்பைக் கையில் வைத்தபடி, தெருவிலேயே நின்றிருந்தேன்.